மேடையில் முறைத்துக்கொண்ட மூன்று மேதைகள்... 28 ஆண்டுகள் கழித்து வெளிவந்த ஆல்பம்!

1979-ம் ஆண்டு மார்ச் 3. கியூபாவின் தலைநகர் ஹவானா. கார்ல் மார்க்ஸ் தியேட்டர் மேடையில் மூன்றே பேர். ஒருவர் கையில் எலெக்ட்ரிக் கிடார், இன்னொருவர் கையில் பேஸ் கிடார், மூன்றாமவர் டிரம்ஸுக்குப் பின்னால். பாடகர் கிடையாது, பாடல் வரி கிடையாது, கீபோர்டுகூடக் கிடையாது.

அன்றைய தேதியில் உலகிலேயே சிறந்த கிடார் கலைஞர் யார், சிறந்த பேஸிஸ்ட் யார், சிறந்த டிரம்மர் யார் என்று இசை ரசிகர்களிடம் கேட்டிருந்தால், பலரும் இந்த மூன்று பெயர்களையே சொல்லியிருப்பார்கள். ஜான் மெக்லாலின், ஜாகோ பாஸ்டோரியஸ், டோனி வில்லியம்ஸ். குழுவின் பெயர் 'ட்ரையோ ஆஃப் டூம்'. நம்மூர் பாணியில் சொன்னால், 'நாசகார மூவர்'!

பெயர் வைத்த நேரமோ என்னவோ, குழு ஒரு வாரம்கூட நீடிக்கவில்லை. ஹவானாவில் சுமார் 25 நிமிடம் வாசித்தார்கள். மேடையை விட்டு இறங்கியபோது ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாத அளவுக்குக் கோபம். ஐந்து நாள் கழித்து நியூயார்க் ஸ்டுடியோவில் மறுபடி கூடினார்கள். அங்கே கைகலப்பு வரைக்கும் போய், கதை முடிந்தது.

அந்த 25 நிமிடமும், ஸ்டுடியோவில் மிஞ்சியதும் சேர்ந்து ஓர் ஆல்பமாக வெளிவந்தது 2007-ம் ஆண்டு ஜூன் மாதத்தில்தான். அதற்குள் மூவரில் இருவர் உயிரோடு இல்லை. ஆல்பத்தைக் கொண்டுவருவதில் முன்னின்றவர் மிஞ்சியிருந்த ஒரே ஒருவர். ஹவானாவில் அதிகம் கோபப்பட்டவரும் அவர்தான்.

யார் இந்த மூவர்?

மூவரிலும் முதலில் புகழ் பெற்றவர் டோனி வில்லியம்ஸ். 1963-ல் ட்ரம்பெட் மேதை மைல்ஸ் டேவிஸ் தன் குழுவில் ஒரு டிரம்மரைச் சேர்த்துக்கொண்டார். அந்தப் பையனுக்கு அப்போது வயது 17. மது விற்கும் கிளப்புகளில் வாசிக்கச் சட்டப்படி வயதே ஆகாத பையன், அடுத்த ஆறு ஆண்டுகளில் ஜாஸ் தாளத்தின் போக்கையே மாற்றிவிட்டான். பின்னால் உட்கார்ந்து நேரம் காட்டும் கடிகாரமாக இருந்த டிரம்ஸ், வில்லியம்ஸ் கையில் முன்னால் வந்து பேச ஆரம்பித்தது.

அவருக்கு ஓர் ஆசை இருந்தது. ஜாஸ் இசையில், அந்தந்த நொடியில் கற்பனை செய்து வாசிக்கும் சுதந்திரம் உண்டு. ராக் இசையில், நெஞ்சுக்கூடு அதிரும் சத்தமும் மின்சாரமும் உண்டு. இரண்டையும் ஒரே பாத்திரத்தில் போட்டால் என்ன? 1969-ல் மைல்ஸை விட்டு விலகி 'லைஃப்டைம்' என்ற குழுவைத் தொடங்கினார். அதுவும் மூவர் குழுதான். ஆர்கன் வாசிக்க லாரி யங். கிடார் வாசிக்க இங்கிலாந்திலிருந்து அவர் வரவழைத்த, அமெரிக்காவில் யாருக்கும் பெயர் தெரியாத ஓர் இளைஞர். ஒரு டேப்பில் பதிவான அவர் வாசிப்பைக் கேட்டுத்தான் அழைப்பு போனது.

அந்த இளைஞர்தான் ஜான் மெக்லாலின். யார்க்‌ஷயர் பக்கத்துக்காரர், அம்மா வயலின் வாசிப்பவர். 1969 பிப்ரவரியில் நியூயார்க் வந்து இறங்கினார். சில நாட்களுக்குள் மைல்ஸ் டேவிஸின் 'இன் எ சைலன்ட் வே' ஒலிப்பதிவில் உட்கார்ந்திருந்தார். அதே ஆண்டு மைல்ஸ் பதிவுசெய்த 'பிட்சஸ் ப்ரூ' ஆல்பத்தில் ஓர் இசைக்கோவைக்குப் பெயரே 'ஜான் மெக்லாலின்'. புதிதாகச் சேர்ந்த ஊழியரின் பெயரை முதலாளி தன் கடைப் பலகையில் எழுதிவைத்த மாதிரி! பிறகு 1971-ல் சொந்தமாக 'மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா' தொடங்கி, ஜாஸ்-ராக் என்றாலே நினைவுக்கு வரும் பெயர்களில் ஒன்றானார்.

மெக்லாலினுக்கு அமெரிக்கக் கதவைத் திறந்துவிட்டவர் டோனி வில்லியம்ஸ். வயதில் மெக்லாலினைவிடக் கிட்டத்தட்ட நான்கு வருடம் சின்னவர். ஆனால், இசையுலகில் மூத்தவர். இந்த உறவை மனதில் வைத்துக்கொண்டால்தான் ஹவானா கோபத்தின் அளவு புரியும்.

மூன்றாமவர் ஜாகோ. ஃப்ளோரிடாவின் ஃபோர்ட் லாடர்டேல் நகரில் வளர்ந்தவர். இளையராஜா பாடல்களில் பேஸ் கிடாரை மட்டும் தனியாகப் பின்தொடர்ந்து கேட்கும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. அந்தப் பழக்கம் உள்ளவர்கள் ஜாகோவைக் கேட்காமல் இருக்கக் கூடாது.

கிடார் கழுத்தில் வரிசையாக உலோகக் கட்டைகள் இருக்கும், வீணையின் மெட்டுகளைப் போல. ஃப்ரெட் என்பார்கள். ஜாகோ தன் 1962 மாடல் ஃபெண்டர் பேஸிலிருந்து அந்தக் கட்டைகளை எல்லாம் எடுத்துவிட்டார். வெண்ணெய் தடவும் கத்தியால் நெம்பி எடுத்ததாக அவரே சொல்லியிருக்கிறார். பள்ளங்களை மரப்பசை வைத்து அடைத்து, மேலே படகுக்குப் பூசும் எபாக்சியைப் பூசினார். ஆக, வீணை கோட்டுவாத்தியமாகிவிட்டது! ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்கு வழுக்கிக்கொண்டு போகலாம். விரல் ஒரு நூலிழை தவறினாலும் அபஸ்வரம். அந்த ஆபத்தான கருவியில் மனிதக் குரல் மாதிரி பாடவைத்தார் அவர். கருவிக்கு ஒரு பெயரும் உண்டு: 'பேஸ் ஆஃப் டூம்'.

1976-ல் அவருடைய முதல் ஆல்பம் வெளிவந்தது. அதே ஆண்டு 'வெதர் ரிப்போர்ட்' குழுவில் சேர்ந்தார். அந்தக் குழுவின் தலைவர் ஜோ சாவினுலை முதன்முதலில் சந்தித்தபோது, 'உலகத்திலேயே சிறந்த பேஸ் கிடார் கலைஞன் நான்தான்' என்று அறிமுகம் செய்துகொண்டவர் ஜாகோ. வாய்க்கொழுப்பு என்று விரட்டிவிட நினைத்தார் சாவினுல். வாசிப்பைக் கேட்ட பிறகு, பையன் பொய் சொல்லவில்லை என்று தெரிந்தது. அதுதான் ஜாகோவின் வசதி. அதுவே அவருடைய தொல்லையும்.

எதிரி நாட்டில் ஒரு கச்சேரி

அமெரிக்காவும் கியூபாவும் 1961-லேயே தூதரக உறவை முறித்துக்கொண்ட நாடுகள். 1977-ல் அதிபர் ஜிம்மி கார்ட்டர் பயணக் கட்டுப்பாட்டைத் தளர்த்தியதும் ஒரு சிறிய ஜன்னல் திறந்தது. அந்த ஜன்னல் வழியே ஒரு விமானம் நிறைய இசைக்கலைஞர்களை அனுப்பிவைத்தார், கொலம்பியா ரெக்கார்ட்ஸ் நிறுவனத்தின் அன்றைய தலைவர் புரூஸ் லண்ட்வால். கியூபாவின் கலாசார அமைச்சகமும் கைகோத்தது. 'ஹவானா ஜாம்' என்ற பெயரில் மூன்று நாள் விழா. பில்லி ஜோயல், ஸ்டீபன் ஸ்டில்ஸ், கிரிஸ் கிறிஸ்டோஃபர்சன், வெதர் ரிப்போர்ட் என்று அமெரிக்கப் பட்டாளம். கியூபா தரப்பில் 'இராகெரே' போன்ற குழுக்கள்.

இந்த விழாவுக்காகச் சேர்க்கப்பட்டதுதான் ட்ரையோ ஆஃப் டூம். மெக்லாலினுக்கு அப்போது 37 வயது, வில்லியம்ஸுக்கு 33, ஜாகோவுக்கு 27. பத்து ஆண்டுகளுக்கு முன் மெக்லாலின் அமெரிக்காவில் வந்து இறங்கியபோது அவருக்கும் இதே 27 வயதுதான்.

முன்பின் தெரியாதவர்களைக் கட்டிவைத்த கல்யாணம் இல்லை இது. மெக்லாலினும் வில்லியம்ஸும் பழைய கூட்டாளிகள். ஓராண்டுக்கு முன் வெளிவந்த வெதர் ரிப்போர்ட் ஆல்பமான 'மிஸ்டர் கான்'-இல் ஜாகோவின் 'பங்க் ஜாஸ்' என்ற இசைக்கோவைக்கு டிரம்ஸ் வாசித்தவர் டோனி வில்லியம்ஸ். நியூயார்க்கில் நடந்த ஒத்திகையும் நன்றாகவே போனது. மெக்லாலின் பெரிய எதிர்பார்ப்புடன்தான் விமானம் ஏறினார்.

'டார்க் பிரின்ஸ்' நேரத்தில் நடந்தது...

ஹவானா மேடையில் நடந்ததை மெக்லாலின் பிற்காலப் பேட்டிகளில் விரிவாகச் சொல்லியிருக்கிறார். 'டார்க் பிரின்ஸ்' அவர் எழுதிய இசைக்கோவை. சி மைனர் சுருதியில், தலைதெறிக்கும் வேகத்தில் ஓடுவது. நடுவில் ஜாகோ தன் ஆம்ப்ளிஃபையரை நோக்கி நடந்தார். சத்தத்தை முழுதாகத் திருப்பிவைத்தார். பிறகு, சம்பந்தமே இல்லாமல் ஏ சுருதியில் பலமாக வாசிக்கத் தொடங்கிவிட்டார்.

நம்மூர்க் கச்சேரியில் கற்பனை செய்து பாருங்கள். பாடகர் ஒரு கட்டையில் பாடிக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் வயலின்காரர் திடீரென்று வேறு கட்டைக்கு மாறி, மைக்கையும் தன் பக்கம் திருப்பிக்கொண்டால்? பாடகர் என்ன செய்வார்? நிறுத்தவும் முடியாது, தொடரவும் முடியாது. அதுவும் மூவர் குழுவில் ஒளிந்துகொள்ள இடமே இல்லை. ஆறேழு பேர் இருக்கும் குழுவில் ஒருவர் தடம்புரண்டால் மற்றவர்கள் மூடி மறைத்துவிடலாம். மூன்று கால் முக்காலியில் ஒரு கால் நழுவினால் மிச்சம் இரண்டு கால்கள் என்ன செய்ய முடியும்?

மேடைக்குப் பின்னால் வந்ததும் மெக்லாலின் வெடித்தார். ஒருவரோடு சேர்ந்து மேடையேறியதற்காக இந்த அளவு வெட்கப்பட்டதே இல்லை என்கிற பொருளில் ஜாகோவிடம் நேருக்கு நேர் சொல்லிவிட்டார். ஜாகோவோ தன் வாசிப்பில் குறையே இல்லை என்ற தோரணையில் நின்றார்.

இந்த இடத்தில் ஒரு தகவல். ஹவானாவுக்கு வருவதற்குச் சில ஆண்டுகள் முன்புவரை மெக்லாலின் வேறொரு விதமான மேடையில் உட்கார்ந்திருந்தார். ஆம், உட்கார்ந்து! 1975-ல் அவர் தொடங்கிய 'சக்தி' குழுவில் வயலினுக்கு எல்.சங்கர், தபலாவுக்கு ஜாகிர் உசேன், கடத்துக்கு நம் விக்கு விநாயக்ராம். நால்வரும் சம்மணமிட்டு உட்கார்ந்து, ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்து வாசித்த இசை அது. அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் எஸ்.ராமநாதனிடம் வீணை கற்றவர் மெக்லாலின். சக்திக்காக அவர் செய்யவைத்த கிடாரில் கட்டைகளுக்கு நடுவே மரத்தைக் குடைந்து பள்ளமாக்கியிருந்தார்கள். தந்தியை அழுத்தி இழுத்து கமகம் பிடிக்கத்தான் அந்த ஏற்பாடு. ஒருவர் கட்டைகளைப் பிடுங்கி எறிந்தார், இன்னொருவர் கட்டைகளுக்கு நடுவே பள்ளம் தோண்டினார். இருவரும் தேடியது வளைந்து குழையும் ஒரே ஒலியைத்தான். ஒத்துப்போயிருக்க வேண்டியவர்கள்!

விக்கு விநாயக்ராம், ஜாகிர் உசேன் போன்றவர்களோடு, எதிரில் இருப்பவர் அடுத்து என்ன செய்யப்போகிறார் என்று காதைத் தீட்டிவைத்துக்கொண்டு வாசித்துப் பழகிய ஒருவருக்கு, காது கொடுக்காத கூட்டாளி எப்படி இருந்திருப்பார் என்று ஊகிக்கலாம்.

சுவரோடு அழுத்திய கை

மேடைப் பதிவை அப்படியே வெளியிட முடியாது என்று ஆனது. மார்ச் 8 அன்று நியூயார்க்கின் சி.பி.எஸ் ஸ்டுடியோவில் மூவரும் மறுபடி கூடினார்கள். மெக்லாலின் சொல்லும் கதைப்படி, அங்கே ஜாகோ வில்லியம்ஸைச் சீண்டும்படி ஏதோ சொல்லிவிட்டார். வில்லியம்ஸ் குச்சிகளைக் கீழே வைத்தார். எழுந்து வந்தார். ஜாகோவைப் பிடித்துச் சுவரோடு அழுத்தினார். முஷ்டியும் உயர்ந்தது. ஆனால், அடிக்கவில்லை. திரும்பிப் போய்த் தன் டிரம்ஸையே அடித்து நொறுக்கிவிட்டு வெளியேறினார்.

அத்தோடு குழு கலைந்தது. மூவரும் ஒரு குழுவாக மறுபடி சேரவேயில்லை.

விழாவில் பதிவான இசையை நிறுவனம் 'ஹவானா ஜாம்' என்ற பெயரில் இசைத்தட்டுகளாக வெளியிட்டபோது ஒரு வேடிக்கை செய்தது. ட்ரையோ ஆஃப் டூம் நியூயார்க் ஸ்டுடியோவில் வாசித்ததை எடுத்து, அதன் மேல் ரசிகர்களின் கைத்தட்டலை ஒட்டி, ஹவானா மேடையில் வாசித்ததுபோல் சேர்த்துவிட்டது. வாங்கிக் கேட்டவர்கள் அதை நிஜ மேடை என்றே நம்பினார்கள். உண்மையான மேடைப் பதிவு பெட்டிக்குள் போனது.

பிறகு நடந்தவை

ஜாகோவின் கதையைக் கேட்கக் கொஞ்சம் மனதைத் திடப்படுத்திக்கொள்ள வேண்டும். மதுவும் போதையும் ஹவானா காலத்திலேயே அவரைப் பிடித்துவிட்டிருந்தன. 1982-ல் மருத்துவர்கள் அவருக்கு இருமுனை மனக்கோளாறு இருப்பதாகக் கண்டறிந்தார்கள். உற்சாகத்தின் உச்சிக்கும் சோர்வின் அடிமட்டத்துக்கும் மாறி மாறித் தள்ளும் நோய் அது. உச்சியில் இருக்கும்போது 'உலகமே என் கையில்' என்ற எண்ணம் வரும், தூக்கம் போகும், எதிரில் இருப்பவர் முகம் சுளிப்பதுகூடக் கண்ணில் படாது. 1979-ல் அந்த மேடையில் அவரை ஆட்டிவைத்தது நோயா, போதையா, வெறும் திமிரா என்று பிரித்துப் பார்க்க அன்று யாரிடமும் அளவுகோல் இல்லை. கூட வாசித்தவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது திமிர் மட்டும்தான்.

1980-களின் நடுவில் ஜாகோ நியூயார்க்கில் வீடில்லாமல், பூங்காக்களிலும் கூடைப்பந்து மைதானங்களிலும் காலத்தைக் கழித்தார். 1986-ல் அவருடைய பேஸ் ஆஃப் டூம் திருடுபோனது. 1987 செப்டம்பரில் ஃப்ளோரிடாவில் சன்டானா கச்சேரியின் மேடையில் அழைப்பில்லாமல் ஏறினார், வெளியேற்றப்பட்டார். அன்றிரவே ஓர் இரவு விடுதிக்குள் நுழைய முயன்றபோது, அங்கிருந்த ஊழியர் ஒருவர் கண்மூடித்தனமாகத் தாக்கியதில் நினைவிழந்தார். செப்டம்பர் 21-ம் தேதி உயிர் பிரிந்தது. வயது 35.

டோனி வில்லியம்ஸ் 1997 பிப்ரவரியில் மறைந்தார். பித்தப்பை அறுவை சிகிச்சைக்காக மருத்துவமனையில் சேர்ந்தவரை மாரடைப்பு கொண்டுபோனது. வயது 51.

திருடுபோன அந்த பேஸ் கிடார் இருபது ஆண்டுகள் கழித்து நியூயார்க்கில் ஒரு கடையில் தலைகாட்டியது. உரிமை யாருக்கு என்று இழுபறி நடந்தது. 'மெட்டாலிகா' குழுவின் பேஸிஸ்ட் ராபர்ட் ட்ருஜியோ, ஜாகோவின் தீவிர ரசிகர், பணம் கொடுத்து அதை மீட்டார். குடும்பத்துக்கும் வேண்டியபோது அதைத் தொடும் உரிமை உண்டு என்பது ஏற்பாடு. பிறகு ஜாகோவைப் பற்றி ஓர் ஆவணப்படத்தையும் தயாரித்தார் ட்ருஜியோ.

இப்போது ஆல்பத்துக்கு வருவோம்

பெட்டியில் கிடந்த ஹவானா டேப்புகளையும் ஸ்டுடியோ டேப்புகளையும் எடுத்து, ஒலிகளைச் சரியான அளவில் கலந்து 2007-ல் மெக்லாலின் வெளிக்கொண்டுவந்த ஆல்பத்தின் பெயரும் 'ட்ரையோ ஆஃப் டூம்'தான். மொத்தம் பத்துத் தடங்கள். எல்லாம் சேர்த்து நாற்பது நிமிடம் இருக்கும். முதல் ஐந்தும் மேடை. அடுத்த ஐந்தும் ஸ்டுடியோ.

கேட்பதற்கு முன் ஒரு வேண்டுகோள். போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். அதில் பேஸ் கிடார் காதில் விழாது. ஜாகோ காதில் விழாவிட்டால் இந்த ஆல்பத்தில் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போய்விடும். ஹெட்போன் மாட்டிக்கொள்ளுங்கள். வீட்டில் பாட்டி தூங்குகிறார் என்றால் அதற்கும் நல்லது!

முதல் தடம் டோனி வில்லியம்ஸின் தனி டிரம்ஸ். நம் கச்சேரியில் தனி ஆவர்த்தனம் கடைசிப் பகுதியில் வரும். இங்கே தனியே முதலில் வருகிறது. மூன்று நிமிடம்கூட இல்லை. ஆனால், மழைக்கு முன் வரும் இடி மாதிரி, அடுத்து என்ன வரப்போகிறது என்று சொல்லிவிடுகிறது. மிருதங்கம் கேட்டுப் பழகிய காதுக்கு, பெரிய டிரம்மின் தொப்பி ஒலியும் தட்டுகளின் சலசலப்பும் தனித்தனியாகப் பேசுவது உடனே பிடிபடும்.

அது முடிந்த கையோடு 'டார்க் பிரின்ஸ்'. இத்தனை வம்புக்கும் காரணமான அதே வாசிப்பு! நாசமாகிப்போன ஒன்றை எதிர்பார்த்துக் கேட்டால் ஆச்சரியம் காத்திருக்கிறது. மெக்லாலின் விவரித்த அளவுக்கு மோசமாக இல்லை. பேஸ் முரண்டு பிடிக்கிறது, சரிதான். கிடார் கோபத்தோடு ஓடுகிறது, அதுவும் சரி. ஆனால், அந்த முரண்டும் கோபமும் சேர்ந்து, சமாதானமாக வாசித்திருந்தால் வந்திருக்காத ஒரு நெருப்பைக் கொண்டுவருகின்றன. ஒலிக்கலவை செய்பவர் ஒரு வாத்தியத்தின் சத்தத்தைக் குறைத்து அதன் இடத்தில் உட்காரவைக்க முடியும். முழுச் சத்தத்தில் அலறும் ஆம்ப்ளிஃபையருக்குப் பக்கத்தில் நின்று வாசிப்பவருக்கு அந்த வசதி இல்லையே! ஆகவே, மெக்லாலின் பொய் சொல்கிறார் என்றும் சொல்ல முடியாது. அவர் கேட்டது வேறு, நாம் கேட்பது வேறு.

ஆல்பத்தில் அடுத்து வருவது 'கன்டினுவம்'. இது ஜாகோ எழுதியது. அவருடைய முதல் ஆல்பத்திலேயே இருந்தது. முந்தைய தடத்தில் முரண்டு பிடித்தவரா இவர் என்று சந்தேகம் வந்துவிடும். மெதுவான, கனிந்த மெட்டு. கட்டைகள் இல்லாத தந்தியில் விரல் வழுக்கி வழுக்கி, ஒவ்வொரு ஸ்வரத்தின் முடிவிலும் ஒரு சின்ன நடுக்கத்தை விட்டுச் செல்கிறது. ராத்திரி நேரத்தில் கேட்டால் தூக்கம் கெடும் என்ற எச்சரிக்கையோடு சொல்லலாம்: ஆல்பத்தின் உயிர் இந்த ஐந்து நிமிடம்தான். இவ்வளவு நுட்பமாகக் கேட்கத் தெரிந்த ஒருவர், பக்கத்தில் நிற்பவரைக் கேட்க மறந்தாரே என்பதுதான் தாங்கவில்லை.

'பாரா ஓரியன்டே' வில்லியம்ஸ் எழுதியது. 'கிழக்குக்கு' என்று பொருள் கொள்ளலாம். ஓரியன்டே என்பது கியூபாவின் கிழக்குப் பகுதி மாகாணத்தின் பழைய பெயரும்கூட. மூவரும் ஒரே திசையில் நடப்பது இதில்தான் நன்றாகக் காதில் விழுகிறது. தலையாட்டாமல் கேட்பது கஷ்டம். ஜாஸ் பழக்கமில்லாதவர்கள் வரிசைப்படி போகாமல் இதிலிருந்து தொடங்கினால் நல்லது.

மேடைப் பகுதியின் கடைசி, 'ஆர் யூ த ஒன், ஆர் யூ த ஒன்?' 'நீதானா, நீதானா?' என்று பெண் பார்க்கப் போன மாப்பிள்ளை கேட்பதுபோல ஒரு தலைப்பு! ஓராண்டு முன் வெளிவந்த தன் ஆல்பத்தில் மெக்லாலின் இதே இசைக்கோவையை இதே டோனி வில்லியம்ஸோடு வாசித்திருந்தார். பேஸ் மட்டும் வேறொருவர், 'க்ரீம்' குழுவின் ஜாக் புரூஸ். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால், ஒரே சமையல் குறிப்பில் புளியை மட்டும் மாற்றினால் குழம்பு எப்படி மாறுகிறது என்பது தெரியும். ஜாக் புரூஸ் கைப்பக்குவம் சீரானது. ஜாகோ கைப்பக்குவத்தில் காரம் அதிகம்.

ஸ்டுடியோ பகுதி இதைவிடத் துல்லியம், இதைவிடக் குளிர்ச்சி. 'டார்க் பிரின்ஸ்' இங்கே நிமிடக் கணக்கில் சுருங்கி, ஒழுங்காக, தப்பில்லாமல் முடிகிறது. தப்பில்லாத இதைவிட மேடையில் வாசித்ததே மேல் என்று தோன்றினால், அது உங்கள் காதின் குற்றமில்லை. ஹவானா இரவை மறைக்க வாசித்த இசை, ஹவானா இரவிடம் தோற்கிறது. 'கன்டினுவம்' மட்டும் இங்கேயும் அழகு குறையவில்லை.

ஜானுக்கு வயது ஏறியது

ஆல்பம் வெளிவந்த 2007-ல் மெக்லாலினுக்கு 65 வயது. ஜாகோ இறந்தே இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன. பழைய பதிவைத் தூசி தட்டும் எந்தக் கலைஞருக்கும் ஒரு சலுகை உண்டு: தனக்குப் பிடிக்காததைக் கத்தரித்துவிடலாம். தடம்புரண்ட வாசிப்பை ஒதுக்கிவிட்டு, சுத்தமான ஸ்டுடியோ பதிவுகளை மட்டும் வைத்து ஒரு குறுந்தகடு போட்டிருந்தால் கேட்க ஆளில்லை. ஆனால், தன்னை வெட்கப்படவைத்த மேடையைத்தான் முதல் பாதியாக வைத்தார் அவர். ஒட்டவைத்த கைத்தட்டலைக் களைந்துவிட்டு, ஸ்டுடியோ பதிவை ஸ்டுடியோ பதிவாகவே விட்டார். ஜாகோவின் சண்டித்தனத்தைப் பற்றிப் பேசிய பேட்டிகளிலேயே, அவர் எப்பேர்ப்பட்ட கலைஞர் என்று சொல்லவும் தவறவில்லை.

சக்தியும் ஒரேயடியாகக் கலைந்து போகவில்லை. 1997-ல் 'ரிமெம்பர் சக்தி' என்று மறுபிறவி எடுத்தது. விக்கு விநாயக்ராமின் மகன் செல்வகணேஷ் அதில் கஞ்சிராவோடு உட்கார்ந்தார். மாண்டலின் ஸ்ரீநிவாஸ் வந்தார், சங்கர் மகாதேவன் வந்தார். 2023-ல் வெளியான 'திஸ் மொமென்ட்' ஆல்பத்துக்கு 2024 பிப்ரவரியில் கிராமி விருது கிடைத்தபோது மெக்லாலினுக்கு வயது 82. பத்து மாதம் கழித்து, அந்த ஆல்பத்தில் உடன் வாசித்த ஜாகிர் உசேனும் மறைந்துவிட்டார்.

ட்ரையோ ஆஃப் டூம் ஆல்பத்தின் கடைசிப் பகுதியில் 'பாரா ஓரியன்டே' மூன்று முறை வருகிறது. முதல் முயற்சி ஒரு நிமிடம் போல ஓடி நின்றுவிடுகிறது. இரண்டாவது அரை நிமிடம்கூட ஓடவில்லை. எல்லா ஒலிப்பதிவுக் கூடங்களிலும் குப்பைக்குப் போகும் துண்டுகள் இவை. இரண்டையும் எடுக்காமல் அப்படியே விட்டிருக்கிறார் மெக்லாலின். மூன்றாவது முறை டிரம்ஸ் தொடங்குகிறது, பேஸ் சேர்கிறது, கிடார் சேர்கிறது. இந்த முறை நிற்கவில்லை. ஐந்து நிமிடத்துக்கு மேல் மூவரும் ஒன்றாகப் போகிறார்கள்.